நான் தலையாட்டிய ஊற்று

பிளீச்சிங் பவுடர் வாளியைப் புதிதாகக் கையில் வாங்கியிருக்கும் தம்பிமார்களுக்கு,

எனக்கு நடந்த பிரிவுபசாரத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். அடக்கமான மனுஷன் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் அடைத்துப்போகும், அவ்வளவுதான். அந்த வாய் அடைப்பால் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எனக்கு இன்னும் ஐம்பது முடியவில்லை. பவுடர் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய், வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் சீட்டு கொடுத்ததால் முன்னாலேயே வெளியே வந்துவிட்டேன். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்பதை உங்களுக்கு ஆபீசில் சொல்லித் தருவார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை.

முதலில் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபதுகளின் நடுவில், ராசிங்காபுரத்துப் பக்கம் ஒரு பொதுக்கிணற்றுக்கு மருந்து போடப் போனேன். குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சைக் கேட்டாலே ஜனங்கள் மிரண்டுகொண்டிருந்த காலம். பவுடர் போட்ட தண்ணீரைக் குடித்தால் பிள்ளை உண்டாகாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு கிணற்றை மறித்து நின்றார்கள்.

“வாளிய அங்கிட்டு வையிய்யா. எங்க வமிசத்த அறுக்கவா வந்த?” என்றாள் ஒருத்தி.

ஒரு குடத்துத் தண்ணீரில் அளவாக மருந்தைக் கலந்தேன். அரை மணி நேரம் வெயிலில் சும்மா நின்றேன். பிறகு அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அவர்கள் கண் முன்னாலேயே குடித்தேன்.

“எனக்குக் கல்யாணம் ஆயி ஆறு மாசந்தான் ஆகுது ஆத்தா” என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவ்வளவு பேரும் சிரித்துவிட்டார்கள். “பாவம்டி, புது மாப்பிள்ளை. அவரே குடிக்கிறாரு, விடுங்கடி” என்று வழிவிட்டார்கள்.

சுகாதார இன்ஸ்பெக்டருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. “இவன் பேச மாட்டான்யா, குடிச்சுக் காமிச்சிருவான்” என்று ஆபீசில் எல்லாரிடமும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பேச வேண்டியதில்லை, நானே செய்து காட்டினால் போதும் என்று அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அது தப்பான பாடம் என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

அப்புறம் எண்பதுகளின் தொடக்கம். போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்கள் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காப்பியும் இலவமும் கலந்து நிற்கிற சரிவில், தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயம் ஒன்று இருந்தது. இருபது வீடு. ஒரு பங்குனி மாதம் அங்கே வாந்திபேதி கண்டது. ஓடை வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. ஒரு கைக்குழந்தையும் ஒரு கிழவரும் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னை ஜீப்பில் ஏற்றி, இரண்டு மூட்டை பவுடரையும், தகரத்தில் செய்த ஒரு பேசுகுழாயையும், ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார். தாளில் இருந்ததை லயத்து வாசலில் நின்று குழாய் வழியாக மூன்று முறை படிக்க வேண்டும்.

இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம். ‘குடிப்பதற்கும் வாய் கொப்பளிப்பதற்கும், நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்துமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

முதல் முறை படிக்கும்போதே ‘கொப்பளிப்பதற்கும்’ என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. கூட்டத்தில் ஒரு பெண் அதை அப்படியே திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் பெயர் பெருமாயி. முப்பது வயது இருக்கும். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் காய் பிரிக்கிறவள். ஒரு கை காயை அள்ளி மோந்து பார்த்து, இது சரியாகக் காயவில்லை, இது புகை குடித்துவிட்டது என்று பிரித்துப் போடுவாள். அவள் சொன்னால் கங்காணி மறுபேச்சுப் பேச மாட்டார். வருஷக்கணக்கில் ஸ்டோர்ப் புகையில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு எப்போதும் தலையில் நீர் கோத்துக்கொண்டு மூக்கு அடைக்கும். அதுதான் அவளுக்குப் பெரிய கவலை. மூக்கு போனால் வேலை போச்சு.

“பவுடரண்ணே, வீட்ல அண்ணிகிட்டயும் தாளு பாத்துத்தான் பேசுவீகளா?” என்றாள். “எங்களுக்குப் புரியிறாப்ல சொல்லுங்க. என்ன செய்யணும்?”

காது இரண்டும் சூடாகிவிட்டது. குழாயைக் கீழே வைத்தேன். தாளை மடித்தேன். “வெந்நிதான்” என்றேன். “குடிக்க, கொப்பளிக்க, எல்லாத்துக்கும் வெந்நி.”

நம் பக்கத்தில் வெந்நீரை வெந்நி என்றுதான் சொல்கிறோம். கொதித்தாலும் வெந்நி, வெதுவெதுப்பாக இருந்தாலும் வெந்நி. இரண்டுக்கும் ஒரே சொல். கொதிக்கவைத்து ஆறிய நீர் என்று தாளில் இருந்த மூன்று சொல்லை, வாய் வராத குறைக்கு, நான் ஒரே சொல்லாகச் சுருக்கினேன்.

பெருமாயியின் புருஷன் தவசி முன்னால் வந்தார். லயத்துக்கு விறகு பிளந்து போடுகிறவர், நிதானமான ஆள். அவள் என்னை அண்ணே என்றதால் அவர் எடுத்த எடுப்பிலேயே என்னை மச்சானாக்கிக்கொண்டார்.

“நீ சொல்றது சரிதான் மச்சான். வெறகுக்கு எங்க போக? வெட்டுன வெறகெல்லாம் ஸ்டோர் அடுப்புக்குப் போயிருது. காட்டுல சுள்ளி பொறுக்குனா பாரஸ்ட் கார்டு அருவாளப் பிடுங்கிக்கிறான். இருக்குறது சோறாக்கத்தான் காணும்.”

“அதுக்கு எதுக்கு வெறகு?” என்றாள் பெருமாயி. “ஊத்து இருக்குல்ல?”

லயத்துக்குக் கீழே அரை மைலில் ஒரு ஊற்று. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, அடியில் தொட்டி மாதிரி குடைந்திருந்த ஒரு கல்பள்ளத்தில் இடுப்பளவு நின்றது. கையை விட்டுப் பார்த்தேன். குளிக்க விளாவிய தண்ணீர் மாதிரி இளஞ்சூடு. அடுப்பு இல்லை, விறகு இல்லை, பூமியே காய்ச்சிக் கொடுக்கிறது. தீக்குச்சி கிழித்த மாதிரி லேசான வாடையும் இருந்தது. மருந்து வாடை என்று எனக்குப் பட்டது.

“இதுவும் வெந்நிதான பவுடரண்ணே?” என்றாள்.

தம்பிமார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இருபது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியாது என்று சொல்வதற்கும் வாய் வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

அதோடு விட்டேனா? ராசிங்காபுரத்து வழக்கத்தை இங்கேயும் காட்டினேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி மூன்று முங்கு முங்கி எழுந்தேன். ஒரு வாய் குடித்தும் காட்டினேன். சிறுசுகள் என் பின்னாலேயே தொப் தொப்பென்று விழுந்தன.

ஓடைக் குட்டைகளுக்கும் வீட்டுத் தொட்டிகளுக்கும் மருந்து போட்டேன். பத்து நாளில் வாந்திபேதி நின்றது. பவுடரால் நின்றது என்று ஆபீசில் எழுதிக்கொண்டோம். லயத்தில் ஊற்றால் நின்றது என்று நம்பினார்கள். வெந்நி ஊத்து என்று அதற்குப் பேரும் வந்தது. நானும் மறுத்துச் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் மரியாதையாகக் கடுங்காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு கோடை போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போடியிலிருந்து ஜீப்பு பிடித்து ஆட்கள் குளிக்க வர ஆரம்பித்தார்கள். சொறிக்கு நல்லது, வாயுப்பிடிப்புக்கு நல்லது என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள். நீர்க்கோவைக்கு நல்லது என்பது பெருமாயி சேர்த்தது. குழித்த கையில் தண்ணீரை ஏந்தி மூக்கால் உறிஞ்சி வாயால் துப்புவாள். “உள்ள கெடக்குற புகையெல்லாம் கழண்டு வருதுண்ணே, நீங்களும் இழுத்துப் பாருங்க. ஒங்க மூக்குத்தான் பவுடர் தின்னு செத்துப்போச்சே” என்பாள். நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

மூன்றாவது கோடை, சித்திரை. லயத்துக்குப் போனபோது அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பருவத்துக் காய் கொஞ்சம் மிச்சம் இருந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கை அள்ளி நீட்டினாள்.

“மோந்து பாருங்கண்ணே. மணக்குதா?”

கெட்டுப்போன என் மூக்குக்கே மணத்தது. “நல்லா மணக்குதே” என்றேன்.

“எனக்கு ரெண்டு நாளா ஒண்ணுமே மணக்கல. சோறு கூட கருகுன வாடை அடிக்குது. காய மோந்தா வெறும் தூசி மாதிரி இருக்கு.” நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். “மண்டையிடி வேற. ஊத்துல போயி நல்லா இழுத்துட்டு வந்தாச் சரியாப் போகும்.”

போயிட்டு வா என்றேன்.

மறுநாள் காய்ச்சல், வாந்தி. தோட்டத்து மருந்துக்கடைக்காரர் மலேரியாக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். அதற்கு மறுநாள் தவசி ஜீப்பில் போடிக்குக் கொண்டுவந்தார். ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். நான் ஓடிப் போனபோது அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் பலகை மாதிரிக் கிடந்தாள். வெளிச்சம் பட்டால் கத்தினாள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். வண்டியில் நானும் போனேன். ஆண்டிபட்டி தாண்டியதும் அவளுக்குக் கைகால் இழுத்து வெட்டு வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மதுரையில் ஒரு இளவயது டாக்டரம்மா முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கூட வந்தது யார் என்று கேட்டார். தவசி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன்.

“இவங்க எங்க குளிப்பாங்க? குளம், கம்மாய், ஏதாவது?”

“ஒரு ஊத்து இருக்கும்மா. வெந்நி ஊத்து.”

அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், பூதக்கண்ணாடி மெஷினில் குனிந்து பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்று நகர்ந்தது. உருவம் என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் உப்பி, அந்த உப்பலுக்குள் தன்னையே ஊற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

“இது வெதுவெதுப்பான தண்ணில வளர்ற உயிரு. குடிச்சா ஒண்ணும் செய்யாது. மூக்கு வழியா மேல ஏறிருச்சுன்னா நேரா மூளைக்குப் போயிரும். மொதல்ல வாசனை தெரியாமப் போகும், அப்புறம் தலைவலி, காய்ச்சல். இதுக்கு மேல எங்க கையில பெருசா ஒண்ணும் இல்ல” என்றார்.

“சூட்டுல சாகாதாம்மா?”

“கொதிச்சாச் சாகும். இளஞ்சூடு அதுக்குத் தொட்டில் மாதிரி.”

“நானும் அதுல குளிச்சிருக்கேனே. எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“நூறு பேரு குளிச்சாலும் ஒண்ணும் ஆகாது. என்னைக்கோ ஒருத்தருக்கு ஆகும். அது யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. அங்க இனிமே ஒருத்தரும் தலை முங்கக் கூடாது. ஊர்ல போய்ச் சொல்லுங்க.”

சொல்லுங்க என்றார். அவருக்கு என்னைத் தெரியாது.

மறுநாள் காலை பெருமாயி போய்விட்டாள். நோய் கண்டு முழுசாக ஐந்து நாள் ஆகவில்லை. போடிக்குத் திரும்பும் வழியில் தவசி முதல் தடவையாக வாய் திறந்தார்.

“அவளுக்குக் கூடப் பெறந்தவன் கெடையாது மச்சான். பெறந்த வீட்டுக் கோடி நீதான் போடணும்.”

போடிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, சிவப்பில் ஒரு சேலை வாங்கினேன். சரிவில் ஏறி, லயத்து வாசலில் அவளைக் கிடத்தி, அண்ணன் முறையில் அந்தச் சேலையை நானே போர்த்தினேன். நல்ல அண்ணன் என்று பெண்கள் அழுகையோடு சொன்னார்கள்.

மண் தள்ளி முடிகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. புதைத்துவிட்டு வருகிற ஆண்கள் தலைமுழுகாமல் வீட்டுப்படி ஏற மாட்டார்கள். நாற்பது பேர். எங்கே முழுகப் போகிறார்கள்? ஓடையில் தண்ணீர் இல்லை. “அப்படியே எறங்கி வெந்நி ஊத்துல முங்கிட்டுப் போயிருவோம்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். சில பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

அங்கேயே நின்று சொல்லியிருக்க வேண்டும். வெந்நி என்று நான்தான் தப்பாகச் சொன்னேன், நான்தான் தலையாட்டினேன், இவளைக் கொன்றது அந்தத் தண்ணீர்தான். இதற்கு எத்தனை வார்த்தை ஆகும்? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தவசி எதிரில் நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்பக்கமாக நழுவினேன். ஸ்டோர்க் கொட்டகையில் அந்தக் கோடைக்கு நான் இறக்கிவைத்த ஒரு முழு மூட்டை பவுடர் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வாயைக் கிழித்து மூட்டை முழுவதையும் கல்பள்ளத்தில் கவிழ்த்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஆவி அடித்த அடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் நெஞ்சு நிரந்தரமாகக் கெட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இருமிக்கொண்டே நிமிர்ந்தபோது அவர்கள் வந்துவிட்டார்கள்.

“என்னய்யா இது? கிறுக்குப் பிடிச்சிருச்சா பவுடருக்கு?”

“குளிக்கக் கூடாது” என்றேன்.

“ஏன்?”

எல்லாரும் நின்றார்கள். தவசியும் நின்றார்.

“ஆபீசு உத்தரவு” என்றேன்.

“நல்ல உத்தரவு! எழவுக்குத் தலைமுழுகக்கூட இனிமே ஆபீசுல எழுதிக் குடுக்கணுமோ?” என்றார் ஒருவர். “தொறந்துவிட்டவரும் இவருதான், மூடுறவரும் இவருதான். ராசா சோலி!” என்றார் இன்னொருவர். திட்டிக்கொண்டே மேலே ஏறி, வெகுதூரம் நடந்து, வேறொரு தோட்டத்து வாய்க்காலில் முழுகிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு நாற்பது பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடையில் புதுத்தண்ணீர் வந்ததும், தவசி கொஞ்சம் தேறியதும், பைய எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஊற்று ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மூட்டை பவுடர் அதில் எத்தனை நாளைக்கு? பத்தாவது நாள் தண்ணீர் பழையபடி தெளிந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் முழுசும் கேட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“ஊத்துன்னு எழுதுனா, அதுல குளிக்கலாம்னு சொன்னது யாருன்னு கேப்பாங்கப்பா. நீன்னு வரும். ஒன்னைய அனுப்புனது யாருன்னா நான்னு வரும். மூளைக்காய்ச்சல், காரணம் தெரியவில்லை. இப்படிப் போட்டுருவோம்” என்றார்.

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். காரணம் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் மனசு கேட்காமல் ஒரு தகரப் பலகையில் ‘இங்கு குளிக்கக் கூடாது’ என்று எழுதி ஊற்றடியில் நட்டேன். லயத்தில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த போடிக்காரர்கள், தோட்டத்து ஆட்கள் ஊற்றைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளப் பலகை நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பலகையில் சட்டையை மாட்டிவிட்டுக் குளித்தார்கள். இரண்டு தடவை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை, பலகையைப் பார்க்கலையா என்று கேட்டேன். “ஏன், என்ன ஆகும்?” என்று திருப்பிக் கேட்டார்கள். ஏன் என்று வரும்போதெல்லாம் நான் நின்றுபோனேன். ஏன் என்றால் என்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்த சித்திரையில் தவசியின் தம்பி போனான். பேரு காமுத்துரை. ஜீப்பில் லோடு ஏற்றுகிறவன், இருபது வயது. பாறை மேலிருந்து தலைகீழாகக் குதிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. தலைவலி என்று படுத்தவனை மதுரைக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கிடைக்கவில்லை. போடியிலேயே முடிந்துவிட்டது.

அவனைப் புதைத்த மூன்றாம் நாள் லயத்துக்குப் போனேன். தவசி வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் செருகிவிட்டு, “வா மச்சான், ஒக்காரு” என்றார்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தாளில் எழுதியிருந்தது என்ன, நான் சொன்னது என்ன, தலையாட்டியது, டாக்டரம்மா காட்டியது, ஆபீசு உத்தரவு என்று பொய் சொன்னது, காரணம் தெரியவில்லை என்று எழுதியது எல்லாம். திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஒரு பீடி அணைகிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷமாக மலை மாதிரி இருந்தது அவ்வளவு சின்ன விஷயம்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பிளந்த விறகை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“ஆக, தண்ணி நிக்கிறதாலதான் ஆபத்து” என்றார்.

“ஆமா. நின்னு சூடேறுற தண்ணி. அதுல முங்குறது.”

வீட்டுக்குள் போனார். இரண்டு கடப்பாரையோடு வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். ஊற்றடிக்கு நடந்தோம். வழியில் யாராவது கேட்டால், “தண்ணியில பூச்சி இருக்கு, மூக்கு வழியா ஏறி மண்டைக்குப் போயிருதாம். பெருமாயியும் தம்பியும் அதுலதான் போனாக” என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு உயிரைக் கொடுத்தவன் சொல்கிறான் என்று நம்பினார்கள். நாலைந்து பேர் சம்மட்டியோடு பின்னால் வந்தார்கள்.

கல்பள்ளத்தின் கீழ்விளிம்பு ஒரு முழம் அகலம்தான் இருந்தது. அடித்தோம். வெயில் ஏறுவதற்குள் விளிம்பு பிளந்து, நின்ற தண்ணீர் மொத்தமும் சரிவில் இறங்கி ஓடிவிட்டது. பாறை இடுக்கிலிருந்து வருகிற தண்ணீர் கால் நனைகிற அளவுக்கு வழிந்து, நிற்காமல் போனது. முங்குவதற்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அங்கே குளிக்க ஒருவரும் வரவில்லை.

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தவசி சொன்னார்: “ஒரு காலை வேலை. போன வருசமே சொல்லியிருந்தா போன வருசமே ஒடச்சிருப்பேன்.”

தம்பிமார்களே, நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற இடமெல்லாம், இது நல்ல தண்ணிதானா என்று கேட்பார்கள். நீங்கள் குடித்துக் காட்டினால் நம்பவும் செய்வார்கள். காட்டாதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பது ஒரு தண்ணீருக்கும் சாட்சி ஆகாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீர் என்று தாளில் இருந்தால், எத்தனை பேர் சிரித்தாலும், திக்கினாலும், அத்தனை சொல்லையும் சொல்லுங்கள். ஒன்றைக்கூடச் சுருக்காதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, அதே ஆட்களிடம் திருத்திச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைத்தால் அந்த நாளைக்கு வேறு யாராவது செத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகும் சில வருஷம் நான் அந்த லயத்துக்கு மருந்து போடப் போய்க்கொண்டிருந்தேன். தவசி ஒரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. எதிரில் பார்த்தால் நிற்பார். கடுங்காப்பி வேண்டுமா என்று கேட்பார். மச்சான் என்று மட்டும் கூப்பிட மாட்டார்.

“வாங்க சார்” என்பார்.